குளோரின் போட்ட தண்ணீரில் கிருமி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கோவையில் 32 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கட்டடத்துக்கு 24 வயது. மாநகராட்சித் தண்ணீர் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது, அதை சம்ப்பில் பிடித்து மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றுகிறோம். பற்றாத நாட்களில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் அதே சம்ப்பில்தான் விழும். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயின் வாயில் இருக்கும் வலையில் வழுவழுவென்று ஏதோ படிகிறது, பக்கத்து வீடு ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடப்பதால் நாங்கள் மட்டும்தான் கடைசி மாடியில் அந்தப் பக்கம் புழங்குகிறோம். சந்தேகம் வந்து பரிசோதனைக்குக் கொடுத்தோம். தெருக்குழாய்த் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம், கிருமி இல்லை. எங்கள் நான்காம் மாடிக் குழாயில் குளோரின் பூஜ்யம், கோலிஃபார்ம் 8, ஈ.கோலை இல்லை. சங்கக் கூட்டத்தில் பாதிப்பேர் பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்கு போடச் சொல்கிறார்கள். மீதிப்பேர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைக் காட்டி, குளோரினால் புற்றுநோய் வரும், நெதர்லாந்தில் குளோரினே போடுவதில்லை, அடியோடு நிறுத்துங்கள் என்கிறார்கள். குளோரின் போட்ட தண்ணீரில் கிருமி எப்படி வளரும்? யார் சொல்வது சரி?

பதில்: சகோதரிக்கு வணக்கம். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஒன்று. நான் கீழே எழுதுகிற வேலைகள் முடிந்து மறுபரிசோதனை நன்றாக வரும்வரை குடிக்கிற தண்ணீரை, சின்னக் குழந்தைகளுக்குப் பால் பவுடர் கலக்குகிற தண்ணீர் உட்பட, தளதளவென்று கொதிக்கவைத்து, மூடிவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும், அரைமணி நேரம் காய்ச்ச வேண்டியதில்லை.

இரண்டு தரப்பும் சொல்வது தப்பு. உங்கள் கையில் இருக்கிற அறிக்கையே அதைச் சொல்கிறது. தெருவில் 0.4, கிருமி இல்லை. நான்காம் மாடியில் பூஜ்யம், கிருமி 8. இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருப்பது உங்கள் சம்ப், உங்கள் டேங்க், உங்கள் குழாய். தண்ணீர் நல்லபடியாக வாசல்வரை வந்து உங்கள் கட்டடத்துக்குள்தான் கெடுகிறது. அதனால் மாநகராட்சிக்கு மனு எழுதுவதற்கு முன்னால் கட்டடத்துக்குள் தேட வேண்டும்.

அந்த 8 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இன்படி 100 மில்லி தண்ணீரில் கோலிஃபார்ம் ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஆகவே அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஈ.கோலை இல்லை என்பது பெரிய விஷயம். ஈ.கோலை மனிதக் கழிவிலோ விலங்குக் கழிவிலோ இருந்து வருவது, அது இருந்திருந்தால் சாக்கடை கலக்கிறதா என்று இன்றைக்கே தோண்டிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். கோலிஃபார்ம் என்பது ஒரு பெரிய கூட்டம், அதில் சில வகைகள் மண்ணிலும் செடியிலும் இருப்பவை, குழாய்ச் சுவரிலேயே குடித்தனம் நடத்தக் கூடியவை. உங்கள் விஷயத்தில் எனக்கு அந்தச் சந்தேகம்தான் அதிகம். ஒரு பரிசோதனையை மட்டும் வைத்துச் சாக்கடை இல்லவே இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது, அதனால்தான் கொதிக்கவைக்கச் சொன்னேன்.

சரி, அந்த மாதிரியை எப்படி எடுத்தீர்கள்? இதை நான் எல்லாரிடமும் கேட்பேன். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 26 வருடம் இருந்திருக்கிறேன், மினரல் வாட்டர் பாட்டிலைக் கழுவி அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் பாதிப்பேர். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தருகிற பாட்டிலின் அடியில் துளி சோடியம் தயோசல்ஃபேட் இருக்கும். தண்ணீரில் இருக்கிற குளோரினை அது உடனே செயலிழக்கச் செய்துவிடும். இல்லாவிட்டால் ஆட்டோவில் வருகிற ஒரு மணி நேரத்தில் பாட்டிலுக்குள்ளேயே கிருமி செத்து, கெட்ட தண்ணீர் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போய்விடும். அந்த மருந்தைக் கழுவிக் கொட்டிவிட்டு மாதிரி எடுக்கிறவர்களும் உண்டு. தெருக்குழாயில் கிருமி இல்லை என்ற முடிவை முழுசாக நம்புவதற்கு முன் அது ஆய்வக பாட்டிலா என்று விசாரியுங்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழாயில் இரண்டு மாதிரி எடுங்கள். ஒன்று காலையில் யாரும் திறக்கும் முன் வருகிற முதல் தண்ணீர். இரண்டாவது, குழாய் வாயில் இருக்கும் வலையைக் கழற்றி, வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, உலோகக் குழாயாக இருந்தால் தீச்சுடர் காட்டி, ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு எடுப்பது. முதலாவதில் கிருமி இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் குற்றம் குழாயின் வாயிலும் கடைசிச் சில அடிகளிலும். இரண்டிலும் இருந்தால் அது மேலே டேங்கிலோ, அதிலிருந்து கீழே வருகிற இறங்கு குழாயிலோ இருந்து வருகிறது. செலவு ஒரு மாதிரிக்கான கட்டணம்தான் கூடும், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பழைய கட்டடம் ஒன்றில் பிளம்பர் அறுத்துப் போட்ட ஜிஐ குழாய்த் துண்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்த் துண்டை, வாய்ப்புக் கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு அங்குலக் குழாய் என்பார்கள், உள்ளே விரல்கூட நுழையாது. சுவர் முழுக்கத் துருக் கட்டிகள், மரு மருவாகப் பழுப்பு நிறத்தில். விரலால் தடவினால் மேலே வெண்டைக்காய் வழுவழுப்பு. அந்த வழுவழுப்பைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன், பசை போன்ற ஒரு கூழுக்குள் கிருமிகள் நெருக்கி அடித்துக்கொண்டு இருக்கும், ஒரு சதுர சென்டிமீட்டரிலேயே லட்சக்கணக்கில் இருக்கலாம். நுண்ணுயிர்ப் படலம் என்று இதைச் சொல்வோம். நாம் பரிசோதிப்பது ஓடுகிற தண்ணீரைத்தான், கிருமிகளில் பெரும்பங்கு ஓடாமல் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன. அவ்வப்போது அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து தண்ணீரோடு வரும், பரிசோதனையில் ஒரு வாரம் 8 வரும், அடுத்த வாரம் பூஜ்யம் வரும், அதற்கடுத்த வாரம் 20 வரும். ஆய்வகம் மாற்றி மாற்றிச் சொல்கிறது என்று சண்டைக்கு வருவார்கள், ஆய்வகத்தின் மேல் தப்பில்லை.

குளோரின் ஓடுகிற தண்ணீரில் இருக்கிற கிருமியை நன்றாகவே கொல்லும். தண்ணீர் தெளிவாக இருந்து, அரைமணி நேரம் கிடைத்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமே காலரா, டைபாய்டு கிருமிகளுக்குப் போதும். ஆனால் அது முன்கோபக்காரனைப் போல, எதிரில் முதலில் எது வருகிறதோ அதோடு மோதித் தீர்ந்துவிடும். படலத்தின் மேல்தோலில் இருக்கிற பசையோடும் துருவோடும் வினைபுரிந்து அங்கேயே செலவாகிவிடுகிறது, அடியில் இருக்கிற கிருமிவரை போய்ச் சேருவதில்லை. 1990-இல் அமெரிக்காவில் மார்க் லெசவாலியர் குழு மாதிரிக் குழாய்களை வைத்துச் செய்த சோதனையில், இரும்புக் குழாயில் லிட்டருக்கு 3, 4 மில்லிகிராம் குளோரினை இரண்டு வாரம் ஓடவிட்டும் படலம் அடங்கவில்லை. பிவிசி, தாமிரம், துத்தநாகம் பூசிய குழாய்களில் 1 மில்லிகிராமே வேலை செய்தது. உங்கள் கட்டடத்தில் இருப்பது ஜிஐ குழாயென்றால் அதுவும் ஒரு காலத்தில் துத்தநாகம் பூசியதுதான், 24 வருடத்தில் அந்தப் பூச்சு போயிருக்கும், இப்போது அது வெறும் இரும்பு. பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்கு ஆக்கச் சொல்கிறவர்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லுங்கள்.

அதே சோதனையில் மோனோகுளோரமின் என்ற இன்னொரு மருந்து இரும்புக் குழாயில் குளோரினைவிட நன்றாக வேலை செய்தது. அது நிதானக்காரன், மெதுவாகத்தான் கொல்லும், ஆனால் வழியில் சண்டை போடாமல் படலத்துக்குள் ஊறிப் போகும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நெடுந்தூரக் குழாய்களுக்கு அதைத்தான் கலக்கிறார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு, அதிலிருந்து பிரிகிற அம்மோனியாவைத் தின்று வளர்கிற வேறு வகைக் கிருமிகள் வெயில் காலத்தில் குழாயில் கிளம்பும். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் அம்மோனியாவையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து பார்க்க வேண்டாம், நச்சுப் புகை வரும்.

உங்கள் கட்டடத்தில் அந்த 0.4 எங்கே போனது? பல இடத்தில் போயிருக்கிறது. லாரித் தண்ணீரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். எந்தக் கிணற்றில் எடுத்தார்களோ, அதில் கொஞ்சம் கழிவுநீர் கசிந்திருந்தால் அம்மோனியா இருக்கும், ஒரு பங்கு அம்மோனியாவைத் தீர்த்துக் கட்ட எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் செலவாகும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பும் குளோரினைத் தின்னும். மாநகராட்சி குளோரின் போட்டு அனுப்பிய தண்ணீரோடு இவை இரண்டும் ஒரே சம்ப்பில் கலந்ததுமே சண்டை முடிந்துபோகிறது. மீந்தது டேங்குக்குப் போகிறது, ஏப்ரல் வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் டேங்கில் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுடும், அந்தச் சூட்டில் குளோரின் வேகமாகச் சிதையும், கிருமிக்கோ வெதுவெதுப்புக் கொண்டாட்டம்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தண்ணீரில் மூக்கைத் துளைக்கிற குளோரின் வாடை வந்தால் குளோரின் அதிகமாகிவிட்டது என்று நினைத்து பவுடரைக் குறைத்துவிடுவார்கள். பல சமயம் அந்த வாடை குளோரின் பற்றாததால் வருவது. அம்மோனியாவோடு அரைகுறையாகச் சேர்ந்த குளோரினுக்குத்தான் அந்தக் காரமான நெடி, தேவையான அளவு போட்டால் அதுவே அடங்கிவிடும். ஆகவே மூக்கை நம்பாதீர்கள். மீன்தொட்டிக் கடையிலும் நீச்சல்குளச் சாமான் கடையிலும் குளோரின் சோதனை டப்பா கிடைக்கும். ஒரு வகையில் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், இன்னொன்றில் இளஞ்சிவப்பாகும். இளஞ்சிவப்பு வகையை வாங்குங்கள், கலக்காமல் எஞ்சி நிற்கிற குளோரினைத் தனியாகக் காட்டும். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்கிற பாத்திரத்தில் திரும்ப ஊற்றக் கூடாது.

புற்றுநோய்ப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1974-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரக் குடிநீரில் யோப் ரூக் என்ற வேதியியலாளர்தான், குளோரின் ஆற்று நீரில் இருக்கிற இலைதழை மக்கிய பொருளோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்றவற்றை உண்டாக்குகிறது என்று காட்டினார். அதனால்தான் நம் தரத்திலும் குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆபத்து பல வருடம் தொடர்ந்து குடிப்பதால் கொஞ்சம் கூடுவது. டைபாய்டு வர ஒரு டம்ளர் போதும். இந்தப் பொருட்களுக்குப் பயந்து கிருமிநீக்கத்தில் கை வைக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நெதர்லாந்தில் குளோரின் இல்லாமல் அனுப்புகிறார்கள் என்பதும் உண்மை. ஆம்ஸ்டர்டாமில் 1983-லேயே நிறுத்திவிட்டார்கள். எப்படி முடிந்தது என்பதையும் அந்த வாட்ஸ்அப் செய்தியில் எழுதியிருக்க வேண்டும். தண்ணீரில் கிருமிக்கு இரையாகக் கூடிய கரிமப் பொருளைத் திரும்பத் திரும்ப வடிகட்டி, லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கும் கீழே கொண்டுவந்து, சுவரில் உட்கார்ந்தாலும் தின்ன எதுவும் கிடைக்காதபடி பட்டினி போடுகிறார்கள். குழாயில் 24 மணி நேரமும் அழுத்தம் இருக்கிறது, ஒழுகல் மிகக் குறைவு, அதனால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர வழியில்லை. நம் ஊர்க் குழாய் ஐந்து நாளில் நாலு நாள் காலியாகக் கிடக்கிறது. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் காற்று இழுக்கும், விரிசல் இருக்கிற இடத்தில் பக்கத்துச் சாக்கடை ஈரத்தையும் சேர்த்து இழுக்கும், சுவரில் படலம் ஈரமாகவே இருந்து செழிக்கும், அடுத்த முறை தண்ணீர் வேகமாக வரும்போது இதையெல்லாம் அரித்துக்கொண்டு வரும். கர்நாடகத்தின் ஹூப்பள்ளி-தார்வாடில் எமிலி கும்பெலும் காரா நெல்சனும் விட்டுவிட்டு வரும் குழாய்களையும் எந்நேரமும் வரும் குழாய்களையும் ஒப்பிட்டு 2013-இலும் 2014-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இருக்கின்றன. விட்டுவிட்டு வருகிற குழாயில்தான் கிருமி அதிகம், அதிலும் முதலில் வருகிற தண்ணீரில். இந்த நிலைமையில் குளோரினை நிறுத்துவது கையில் இருக்கிற ஒரே கவசத்தைக் கழற்றிப் போடுவது.

குழாயில் குளோரின் காணாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் இருக்கிறது. 2014-இல் தண்ணீரின் மூலத்தை மாற்றினார்கள், அந்த ஆற்று நீர் பழைய இரும்புக் குழாய்களை அரித்தது, துரு குளோரினைத் தின்றது. ஈயம் கலந்த கதைதான் எல்லாருக்கும் தெரியும், அதே சமயத்தில் லெஜியோனெல்லா என்ற கிருமியால் நிமோனியா பரவி 12 பேர் இறந்தார்கள். அந்தக் கிருமி குடிப்பதால் வருவதில்லை, வெதுவெதுப்பான தண்ணீரின் சாரலை மூச்சில் இழுப்பதால் வருவது. உங்கள் மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் அதில் தண்ணீர் 40 டிகிரியிலேயே கிடக்கவிடாமல் 60 வரை ஏறுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி வேலை. மாநகராட்சித் தண்ணீர் வந்ததும் முதல் பத்து நிமிடத்தைச் சம்ப்பில் விடாதீர்கள். வாசலில் ஒரு டி-வால்வ் போட்டு அதை வாளியிலும் டிரம்மிலும் பிடித்துச் செடிக்கும் வாசல் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள், கலங்கல் தெளிந்த பிறகு சம்ப்புக்குத் திருப்புங்கள். லாரித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித் தொட்டி வைக்க இடம் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது, அது கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் போகட்டும். இடமே இல்லையென்றால் லாரி வந்த அன்று சம்ப்பில் கட்டாயம் குளோரின் பார்க்க வேண்டும்.

சம்ப்பையும் டேங்கையும் வடித்துத் தேய்த்துக் கழுவுங்கள். சம்ப்புக்குள் ஆள் இறங்கும்போது மூடி எல்லாம் திறந்து காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்காமல் இறக்காதீர்கள், உள்ளே வைத்து பிளீச்சிங் பவுடரைக் கரைக்கவே கூடாது. கழுவிய பிறகு இறங்கு குழாய்களுக்கு ஒருமுறை பலமான மருந்து ஓட்டம் கொடுக்கலாம். டேங்கில் 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 150 கிராம் வீதம் கரைத்துத் தெளியவைத்து ஊற்றி, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வருகிறவரை திறந்து மூடி, ஒரு நாள் அப்படியே விட்டு, பிறகு முழுசாக வடித்து, வாடை போகும்வரை கழுவி ஓடவிட வேண்டும். அன்றைக்கு யாரும் அதைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது, ஆர்ஓ மெஷின்களின் இணைப்பை மூடிவிட வேண்டும், கழிப்பறை ஆசிட்டை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. இரண்டு நாள் தண்ணீர் பழுப்பாக வரும், துரு கழன்று வருவது அது, ஓடவிட்டால் தெளியும். இப்படிக் கழுவி வெளியேற்றாமல் வெறுமனே மருந்தை மட்டும் கூட்டினால் செத்த கிருமியின் உடம்பே அடுத்த தலைமுறைக்குத் தீனியாகும், சில வாரத்தில் படலம் திரும்பக் கட்டிவிடும்.

அன்றாடத்துக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் போதும். வாளியில் கரைத்து ஒரு மணி நேரம் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, அடியில் தங்குகிற சுண்ணாம்பைக் கொட்டிவிடுங்கள், அரைமணி கழித்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். பவுடர் பிரித்து வைத்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்தால் சத்துப் போய்விடும், சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். அளவு சரியா என்பதைச் சம்ப்பில் பார்க்காதீர்கள், உங்கள் சமையலறையில் பாருங்கள். கடைசிக் குழாயில் 0.2 நிற்க வேண்டும். சம்ப்பில் 0.5 இருந்து உங்களிடம் பூஜ்யம் என்றால் நடுவில் இருக்கிற இரும்புக் குழாய்தான் தின்கிறது, அப்போது பணத்தைப் பவுடரில் போடாமல் அந்த ஒரு இறங்கு குழாயைச் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றுவதில் போடுங்கள். செலவுதான், 32 வீட்டுக்குப் பிரித்தால் தாங்கும்.

ஆர்ஓ இருக்கிறதே என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று. அதில் முதலில் இருக்கிற கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடுகிறது, அதற்கப்புறம் உள்தொட்டியில் நிற்கிற தண்ணீருக்குக் காவல் கிடையாது. புறஊதா விளக்கும் அந்த நொடியில் கடக்கிற கிருமியைத்தான் கொல்லும், பின்னால் வருகிற குழாயில் அதற்கு வேலை இல்லை. வடிகட்டியை நேரத்துக்கு மாற்றுங்கள், ஊருக்குப் போய் வந்தால் உள்தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. பக்கத்து வீடு ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது என்றீர்கள். உங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிளைக்குழாயாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வீட்டுப் பக்கம் போகிற குழாயில் பதினெட்டு மாதமாகத் தண்ணீர் நகரவே இல்லை, குளோரின் போன வாரமில்லை, போன வருடமே தீர்ந்துபோயிருக்கும். மோட்டார் ஓடி அழுத்தம் மாறும்போதும் நீங்கள் குழாயைத் திறக்கும்போதும் அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் வருகிறது. அந்த வீட்டுக்காரரிடம் பேசிச் சாவியை வாங்கி, எல்லாக் குழாயையும் திறந்து பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள், முதலில் வருகிற தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து நிறத்தைப் பாருங்கள். சாவி கிடைக்காவிட்டால் கிளை பிரிகிற இடத்திலேயே, ஒரு சாண் குழாய்கூட மிச்சம் விடாமல், பிளம்பரை வைத்து வெட்டி மூடச் சொல்லுங்கள், வீட்டு வாசலில் இருக்கிற வால்வை மட்டும் அடைத்தால் பயனில்லை. இதைச் செய்து ஒரு வாரம் கழித்து அந்த இரண்டு மாதிரிகளையும் எடுத்து, முடிவை எனக்கு எழுதுங்கள்.